வந்தவர்கள் ஏன் வந்தார்கள், போனவர்கள் ஏன் போனார்கள்?

"உலக அரசியல் எண்டால் அது ஆம்பிளையளின்ர கதை" என்று எமது பெண்களிற் பலர் இன்னமும் சொல்வதுண்டு. பத்திரிகை வீட்டுக்கு வந்தால் மரண அறிவித்தலையும் இராசிபலனையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். வெளிநாட்டுச் செய்தியை சந்தித் தேநீர்க்கடைக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம். ஆனால் தெல்லிப்பழையில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். அவளுடைய பாட்டி படித்த பள்ளிக்கூடம், அவள் இழந்த காணி, இடம்பெயர்ந்து ஓடிய நாள், திரும்பி வந்து கட்டிய வீடு ஆகிய எல்லாவற்றிலும் எங்கோ தொலைவில் உள்ள ஒரு நாட்டின் கணக்கு கலந்திருக்கிறது. அந்தக் கணக்கை விளங்கிக்கொள்ளாமல் நாம் பட்டதை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

பள்ளிக்கூடத்தில் இருந்தே தொடங்குவோம். அமெரிக்க மிஷனரியான டானியல் பூவர் 1816ஆம் ஆண்டு தெல்லிப்பழைக்கு வந்து பாடசாலை தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரியின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொழும்பு, கல்கத்தா என்று பெரிய நகரங்கள் இருக்க, இந்த மூலைக்கு அவர்கள் ஏன் வந்தார்கள்? அவர்களுடைய கண் முதலில் இந்தியாவில்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை அங்கே இருக்கவிட விரும்பவில்லை. 1812இல் தொடங்கி 1815 வரை அமெரிக்காவும் பிரித்தானியாவும் தமக்குள் போரிட்டிருந்தன. நேற்றைய எதிரியின் ஆட்களைத் தலைநகரில் வைத்திருக்க எந்த ஆட்சியாளர் விரும்புவார்? தூரத்தில், யாழ்ப்பாணத்தில் இருங்கள் என்று விட்டார்கள். 1820இல் அச்சுத்தொழில் தெரிந்த ஓர் அமெரிக்கர் வந்து சேர்ந்தபோது, ஆளுநர் பார்ண்ஸ் அவரைத் திருப்பியனுப்பினார். புதிய அமெரிக்க மிஷனரிகள் வருவதற்கு இருந்த தடை 1833இல்தான் நீங்கியது. ஆனால், இப்படி ஒதுக்கிவிடப்பட்ட மூலையில், உடுவிலில், 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி எழுந்தது. யாழ்ப்பாணப் பெண்கள் படிக்கவேண்டும் என்று பிரித்தானியாவும் நினைக்கவில்லை, அமெரிக்க அரசும் நினைக்கவில்லை. இரண்டு வல்லரசுகளின் சந்தேகத்தில் எமது பாட்டிமாருக்கு ஏடும் எழுத்தும் கிடைத்தன.

பலாலியின் கதை இதற்கு நேர்மாறானது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்ததுதான் பலாலி ஓடுபாதை. வெங்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் எவருடைய போருக்கோ தாரும் கல்லுமாயிற்று. போர் முடிந்து பிரித்தானியர் போனார்கள், ஓடுபாதை போகவில்லை. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த துணியோடு ஓடியதற்கும், பின்னர் ஆண்டுக்கணக்காகக் கோணாப்புலத்திலும் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் கிடந்ததற்கும், அந்த ஓடுபாதையும் காங்கேசன்துறைத் துறைமுகமும் இருக்கும் இடம்தான் காரணம். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோதும் அதே காரணந்தான். பெருந்தொகையான காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். அதன்பின் கட்டம் கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டாலும், இன்னமும் தங்கள் கிணற்றைக் காணாதவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

ஒரு நாடு எங்கே இருக்கிறது, எந்தக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்தக் கடலால் யாருடைய கப்பல் போகிறது என்பவற்றை வைத்து மற்ற நாடுகள் அதனோடு நடந்துகொள்ளும் விதத்தைத்தான் பூகோள அரசியல் என்கிறார்கள். பெயர்தான் பெரிது. வலிகாமம் வடக்குப் பெண்களுக்கு அந்தப் பாடம் பெயர் தெரியாமலே கிடைத்துவிட்டது.

வானத்திலிருந்து விழுந்த மூடைகள்

எமது மகளிர் குழுக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இந்தியாவைப் பற்றியதுதான். "சாப்பாடும் போட்டது, சண்டையும் பிடிச்சது, பிறகு பாத்துக்கொண்டும் இருந்தது, கடைசியில வீடும் கட்டித் தந்தது. இதென்ன கூத்து?" என்று இளவாலைப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார். இதைவிடச் சுருக்கமாக இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. நிவாரணப் பொருட்களோடு இந்தியா அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை தடுத்துத் திருப்பியது. யூன் 4ஆம் திகதி ஐந்து இந்தியச் சரக்கு விமானங்கள், போர்விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து ஏறத்தாழ 25 தொன் உணவுப் பொருட்களைப் போட்டன. முற்றத்தில் நின்று கைகாட்டியதை இன்றும் பலர் சொல்வார்கள். ஆனால் 25 தொன் அரிசியும் பருப்பும் குடாநாட்டுச் சனத்துக்கு எத்தனை நாளைக்குக் காணும்? வீட்டில் உலை வைக்கிறவர்கள் நாம், இந்தக் கணக்கு எமக்குத் தெரியும். அந்த மூடைகள் பசிக்கு வந்தவை என்பதைவிட, கொழும்புக்கு அனுப்பிய செய்தி என்பதே பொருத்தம். "உன் வானத்துக்குள் என்னால் வரமுடியும்" என்பதுதான் செய்தி.

டெல்லிக்கு அப்போது என்ன கவலை? சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1971இல் இந்தியா தன் வானத்தால் பறக்கவிடாத பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயின. அதை டெல்லி மறக்கவில்லை. 1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா மேற்கு நாடுகளை நோக்கிச் சாய்ந்தார். அமெரிக்காவின் குரல் வானொலி நிலையம், இஸ்ரேலிய ஆலோசகர்கள், திருகோணமலையில் பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் யாருடைய கைக்குப் போகும் என்ற பயம் எல்லாம் சேர்ந்தன. மறுபக்கத்தில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் தமிழ்நாட்டில் கரையேறியிருந்தார்கள். அங்குள்ள மக்களின் கொதிப்பை டெல்லியால் தட்டிக்கழிக்க முடியவில்லை. எமது இளைஞர்களுக்கு இந்தியா பயிற்சி கொடுத்ததும் இந்தக் காலத்தில்தான்.

1987 யூலை 29ஆம் திகதி ரஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாகாணசபை, தமிழ்மொழி முதலியவை ஒப்பந்தத்தில் இருந்தன. அதோடு சேர்ந்து கடிதங்களும் பரிமாறப்பட்டன. அவற்றைப் பற்றி எம்மிடையே பேசப்படுவது குறைவு. திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ இந்தியாவுக்குப் பாதகமான முறையில் பிறநாட்டுப் படைகள் பாவிக்க விடுவதில்லை, எண்ணெய்த் தாங்கிகளை இந்தியாவோடு சேர்ந்து புனரமைப்பது, வெளிநாட்டு வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படாமல் பார்ப்பது, இவைதான் அந்தக் கடிதங்களில் இருந்தவை. டெல்லியின் பயங்கள் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு வரி இருந்தது.

அதே ஆண்டு ஒக்டோபரில் அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் போரிடும் படையாகியது. 21ஆம் திகதி யாழ். வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். கைகாட்டிய அதே முற்றங்களில் செத்தவீடு நடந்தது. 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாயும் கப்பலேறினான்.

"அப்ப எங்களில கொஞ்சமும் இரக்கம் இருக்கேல்லையோ?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இரக்கம் இருந்தது. இராமேசுவரத்தில் சோறு போட்டவர்களிடமும் மண்டபத்தில் உடுப்புக் கொடுத்தவர்களிடமும் இருந்தது. அரசுக்குள்ளும் இரக்கமுள்ள அதிகாரிகள் இருக்கலாம். ஆனால் ஓர் அரசு அந்த இரக்கத்தைச் செயலாக்குவது அதன் தேவையும் அதே பக்கம் சாயும்போதுதான். சாயாதபோது இரக்கம் அறிக்கையோடு நின்றுவிடும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். நலனைப் பார்த்துச் செய்தது என்றால் சரியாகக் கணக்குப் பார்த்துச் செய்தது என்று அர்த்தமில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சொந்தச் சிப்பாய்களை இழந்து, எந்த மக்களைக் காக்க வந்ததாகச் சொன்னதோ அந்த மக்களின் வெறுப்பையும் தேடிக்கொண்டு திரும்பியது இந்தியா. பெரிய நாடுகளுக்குப் பெரிய மூளை இருக்கும் என்று நம்ப ஒரு நியாயமும் இல்லை.

வராத கப்பல்

இதெல்லாம் தெரிந்து எமக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, எமது குழுவில் இருக்கும் வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். 2009 ஏப்ரலில் அவர்கள் முள்ளிவாய்க்காலில் இருந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் வந்து காயக்காரரை ஏற்றிப்போனது. ஆனால் சனம் பார்த்துக்கொண்டிருந்தது வேறு கப்பலை. "அமெரிக்கன் கப்பல் வருகுதாம், இந்தியாவில எலெக்சன் முடிஞ்சால் எல்லாம் மாறுமாம் எண்டு சொல்லிச்சினம். அதை நம்பி ரெண்டு கிழமை பங்கருக்குள்ளயே இருந்தம். அந்த ரெண்டு கிழமையிலதான் என்ர மூத்தவன் போனவன்."

அந்தக் கூட்டத்தில் அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

இந்தியத் தேர்தல் முடிவு மே 16ஆம் திகதி வந்தது. போர் அடுத்த சில நாட்களில் முடிந்தது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ரஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் டெல்லியின் கணக்கே மாறியிருந்தது. அடுத்த ஆண்டே விடுதலைப் புலிகளை அது தடைசெய்தது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடைசெய்தது. இதற்கிடையில் சீனா அம்பாந்தோட்டையில் துறைமுகம் கட்டத் தொடங்கிவிட்டது, கொழும்புக்கு ஆயுதமும் கொடுத்தது. கொழும்பைப் பகைத்தால் அது இன்னும் சீனாவின் பக்கம் போய்விடும் என்ற பயம் டெல்லிக்கு. ஐ.நா. பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் வன்னி ஏறவேயில்லை. கப்பல் வராமல் இருப்பதற்கான காரணங்கள் எல்லாம் வெளியிலே, பத்திரிகையிலே கிடந்தன. பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை, சொன்னாலும் அன்று கேட்டுப் பேசும் சுதந்திரம் இல்லை.

2009 மே 27ஆம் திகதி ஜெனீவாவில் மனித உரிமைகள் சபை கூடியது. இலங்கை அரசுக்குச் சார்பான தீர்மானம் 29 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12 நாடுகள், நடுநிலை வகித்தவை 6. எல்லையில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் சீனாவும் அன்று ஒரே பக்கம் கைதூக்கின. விடுதலைப் போராட்டத்தின் பெயரால் எமது இளைஞர்கள் போற்றிய கியூபாவும் அதே பக்கம். அவற்றுக்கு எம்மோடு பகையில்லை. நாளைக்குத் தம்முடைய உள்வீட்டு விவகாரத்திலும் வெளியார் மூக்கை நுழைப்பார்கள் என்ற பயம் ஒவ்வொன்றுக்கும் இருந்தது.

2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. அது 24க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. 2013இலும் ஆதரித்தது. அந்த வாரத்தில்தான் தி.மு.க. மத்திய அரசை விட்டு வெளியேறியது. 2014இல் சர்வதேச விசாரணை என்ற சொல் வந்தவுடன் இந்தியா ஒதுங்கி நடுநிலை வகித்தது. காஷ்மீர் என்று யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் அதை நினைக்காமலும் இருக்கமுடியாது. 2021இலும் 2022இலும் மீண்டும் நடுநிலை. ஆதரவு, ஆதரவு, ஒதுக்கம், ஒதுக்கம், ஒதுக்கம். இதை 'துரோகம்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் 2012ஐ விளக்கமுடியாது. 'உறவு' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் 2009ஐ விளக்கமுடியாது. அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தேவை, எதற்குப் பயம், அவர்களுடைய வீட்டுக்குள்ளே யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று கேட்டால்தான் ஓரளவு பிடிபடும்.

வீட்டுக்குள்ளே இழுப்பது என்பதற்கு எம் கண்முன் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 2013 நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு நடந்தது. கனடாப் பிரதமர் ஹார்ப்பர் வரவில்லை. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வரவில்லை. பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரூன் வந்தார், வந்ததும் யாழ்ப்பாணத்துக்குப் பறந்தார். சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமுக்குள் நுழைந்து, வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் ஓடிவந்த எம்மவர்களின் குடிசைகளைப் பார்த்தார். வீதியில் காணாமற் போனோரின் படங்களோடு தாய்மார் அவருடைய வாகனத்தை மொய்த்தார்கள். கமரூனும் ஹார்ப்பரும் எம்மீது கொண்ட அன்பால் மட்டும் அப்படி நடந்தார்கள் என்று நான் நம்பவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பனியில் நின்று பதாகை பிடித்த எமது உறவுகளுக்கு அங்கே வாக்கு இருக்கிறது. தொலைக்காட்சியில் வந்த போர்க்காட்சிகளைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கும் வாக்கு இருக்கிறது. மார்ச்சுக்குள் உள்நாட்டு விசாரணை நடக்காவிட்டால் சர்வதேச விசாரணை கேட்பேன் என்று கமரூன் சொன்னார். 2014 மார்ச்சில் அந்தத் தீர்மானம் வந்தது. நீதி வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அந்தத் தாய்மாரின் படங்கள் வீணாகவும் போகவில்லை.

வீடும் மின்சாரமும் மீனும்

போருக்குப் பின் இந்தியா 50,000 வீடுகள் கட்டித் தந்தது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. சீமெந்தும் கூலியும் ஏறிய காலத்தில் அது காணாமல் நகையை அடகு வைத்துக் கூரை போட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனாலும் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது வீடு. 2015 மார்ச்சில் பிரதமர் மோடி இளவாலைக்கு வந்து வீடுகளைக் கையளித்தார், கீரிமலை நகுலேஸ்வரத்தில் வழிபட்டார். யாழ்ப்பாணத்துக்கு வந்த முதலாவது இந்தியப் பிரதமர் அவர். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது.

சீனாவும் சும்மா இருக்கவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021 சனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுக்க அமைச்சரவை இணங்கியது. தமிழ்நாட்டுக் கரைக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவில் சீனரா என்று டெல்லி பதறியது. ஆண்டு முடிவில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே டிசெம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டி, மேற்சட்டை களைந்து நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார், மன்னாருக்கு அப்பால் இராமர் பாலத்து மணல்திட்டு வரை போய்ப் பார்த்தார். 2022 மார்ச்சில் அதே மூன்று தீவுகளுக்கும் அதே மின்சாரத்தை நன்கொடையாகத் தருவதாக இந்தியா ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ 11 மில்லியன் டொலர்.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது பெரிய விவாதம். "ரெண்டு பேரும் போட்டி போட்டால் எங்களுக்கு நல்லதுதானே, கரண்ட் வந்தால் சரி" என்றார் ஒருவர். "சீட்டுப் பிடிக்கேக்க ஆளைப் பாத்துத்தானே சேர்க்கிறம், அவையளும் அப்பிடித்தான்" என்றார் இன்னொருவர். சீட்டு உவமை எனக்குப் பாதிதான் பிடித்தது. சீட்டுக்காரி ஏமாற்றினால் ஊரில் முகம் காட்டமுடியாது. நாடுகளுக்கு அந்த வெட்கம் குறைவு. வயதான அம்மா ஒருவர் வேறு பக்கத்தால் வந்தார்: "மாடு விக்கிறவனும் வாங்கிறவனும் துண்டுக்குக் கீழ விரலைப் பிடிச்சுப் பேசுவினம். மாட்டிட்ட ஆரும் கேக்கிறேல்லை." அந்தத் தீவுகளின் பெண்களிடம் காற்றாடி எங்கே நடலாம் என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் அவருடைய கேள்வி.

மீன் விடயத்தில் இன்னும் சூடு. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எமது கடலடியை வாரிக்கொண்டு போகின்றன. 2017 யூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே மாதம்தான் 27 வருடங்களுக்குப் பின் மயிலிட்டித் துறைமுகம் மக்களுக்குத் திரும்பியது. திரும்பி வந்தவர்களின் வலையை அறுப்பது எமக்காகத் தீக்குளித்தவர்களின் ஊரிலிருந்து வரும் படகு என்றால், என்ன சொல்வது? பேசினால் உறவு முறியும், பேசாவிட்டால் அடுப்பு எரியாது என்று ஒரு பகுதி. அந்தப் படகில் வருகிறவனும் முதலாளியின் கூலிதானே என்று இன்னொரு பகுதி. மீன் தெரித்து உலர்த்திப் பிழைக்கும் மயிலிட்டிப் பெண் ஒருத்தி, "இராமேசுவரத்துப் பெண்டுகளோட நாங்களே இருந்து கதைச்சால் என்ன?" என்று கேட்டாள். இரண்டு அரசுகளின் கூட்டுக் குழுக்களில் மீனவப் பெண்களுக்குக் கதிரை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த யோசனையை எழுத்தில் வைப்பதென்று அன்று முடிவாகியது.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். 2021இல் நிறைவேறிய தீர்மானத்தின்படி ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. 2023இல் கனடாவும் 2025இல் பிரித்தானியாவும் சிலர்மீது தடை விதித்தன. இவை எப்போது, எதுவரை போகும் என்பது அந்தந்த நாடுகளின் கணக்கில்தான் தங்கியுள்ளது, அதை எம்மால் அவசரப்படுத்த முடியாது. எம்மால் முடிந்தது, கதவு திறக்கும் நாளில் வெறுங்கையோடு நிற்காமல் இருப்பது. காணி உறுதி இல்லாதவர்கள் பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்புப் பிரதி, பிள்ளைகளின் பாடசாலை இடாப்பு விபரம் ஆகியவற்றைத் தேடி எடுக்கவேண்டும். காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடு ஒவ்வொன்றையும், யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தோம் என்ற குறிப்போடு ஒரே கோப்பில் போடவேண்டும். மூலப்பிரதியை எவர் கேட்டாலும் கொடுக்கவேண்டாம், நிழற்பிரதியே கொடுங்கள். முகாமுக்கு முகாம் மாறியபோது கறையான் தின்றது போக மிஞ்சியவற்றைக் கடந்த கூட்டத்துக்குப் பதினொரு பேர் கொண்டுவந்தார்கள். ஒருவர் கொண்டுவந்தது பொலித்தீன் பையில் சுற்றிய 1988ஆம் ஆண்டின் காணி உறுதி. பலாலி ஓடுபாதையின் கிழக்குக் கரையில் இரண்டு பரப்பு, பங்குக் கிணறு ஒன்று.